கடன்பட்ட ஜெபவீரர் பெப்ரிசியஸ்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே சென்றால் சதுரங்கப்பட்டினம் என்ற கடற்கரை ஊரை அடையலாம். அங்கே டச்சுக்காரர் கட்டிய கோட்டை ஒன்று பாழ்பட்டுக் கிடக்கிறது. உள்ளே செதுக்கு வேலை நிறைந்த சில கல்லறைக் கற்களும் உண்டு. அங்கிருந்து வடக்கே சில கல் தொலைவில் மாமல்லபுரம். மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காணச் சுற்றுலா செல்லும் நாம், சதுரங்கப்பட்டினத்தின் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலோ அது உலக வரலாற்றில் பேசப்பட்ட ஊர். 1754ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் பேச அமர்ந்தது அங்கேதான். பேச்சு முறிந்து எழுந்து போனதும் அங்கேதான். 1782 பிப்ரவரியில் அவ்விரு நாட்டுக் கப்பற்படைகளும் அக்கடலில் பீரங்கிகளால் மோதிக்கொண்டன.

தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்கு வரும் கடற்கரை வழி கூடலூர், புதுச்சேரி, சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம், கோவளம் என்றுதான் வரும். தரங்கம்பாடியில் டேனியக் கொடி, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி, சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கொடி, சென்னையில் ஆங்கிலக் கொடி! நாலு நாட்டார் துப்பாக்கியும் துலாக்கோலுமாக வந்து நின்ற இக்கரையில், இறைவனுடைய அரசு ஜெபத்தினாலேயே வரும் என்று நம்பி, தமிழில் ஜெபிப்பதற்கான சொற்களைத் தேடி ஐம்பதாண்டுகள் உழைத்த ஒருவரும் இருந்தார். அவர் ஜெர்மானியராகிய யோகான் பிலிப் பெப்ரிசியஸ். தமிழ் மாணவர்களுக்கு அவர் பெயர் அகராதி வழியாகத் தெரியும். கிறித்தவர்களுக்கு வேதாகம மொழிபெயர்ப்பு வழியாகத் தெரியும். அவர் கடனுக்காகச் சிறைப்பட்டவர் என்பதை இரு சாராருமே மெல்லத் தாண்டிப் போய்விடுகின்றனர். எனக்கு அந்தச் செய்தியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

1711ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள், பிராங்க்பர்ட் நகருக்கு அருகிலுள்ள கிளீபெர்க் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். கீசன் பல்கலைக்கழகத்தில் முதலில் படித்தது சட்டம். பின்னர் மனம் மாறி ஹாலே நகருக்குச் சென்று இறையியல் பயின்றார். ஹாலே என்பது அந்நாளில் வெறும் கல்வி நகரமன்று. பிராங்கே என்ற பெரியவர் அங்கே அநாதைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இல்லம் பள்ளிகளும் மருந்தகமும் அச்சகமும் சேர்ந்த ஒரு பெரும் நிறுவனமாக வளர்ந்திருந்தது. அங்கிருந்தோர் ஓர் எளிய கொள்கை கொண்டிருந்தனர். இறையரசைப் பரப்ப வாளும் வேண்டாம், மன்னர் ஆணையும் வேண்டாம். ஜெபமும் திருமறையும் கல்வியும் போதும் என்பது அது. தரங்கம்பாடியிலிருந்து ஊழியர்கள் எழுதிய கடிதங்களை 1710 முதல் ஹாலேயில் அச்சிட்டுப் பரப்பினர். அவற்றைப் படித்து, தாங்கள் என்றும் காணப்போகாத தமிழ் ஊர்களின் பெயரைச் சொல்லி ஜெபித்தவர்கள் ஐரோப்பாவில் பலர் இருந்தனர். அவர்களே காசும் அனுப்பினர். ஜெபமும் காசும் ஒரே உறையில் வந்தன எனலாம். பிற்காலத்தில் பெப்ரிசியஸ் பட்ட துன்பத்திற்கு வித்து இங்கேயே இருக்கிறது.

1740ஆம் ஆண்டு அவர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். ஈராண்டு தமிழ் கற்றார். 1742ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே 1728இல் மிஷன் பணியைத் தொடங்கியிருந்த சூல்ச் ஐயர் தாய்நாடு திரும்பும் நிலையில் இருந்தார். இந்தச் சூல்ச் ஹாலே சென்றபின் ஓர் இளைஞருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தார். அவ்விளைஞரே பின்னாளில் தஞ்சையில் புகழ் பெற்ற சுவார்ட்ஸ் ஐயர். ஒருவர் விட்டுச் சென்றதை மற்றொருவர் எடுத்துக்கொள்வதாகவே இவர்கள் வரலாறு அமைந்திருக்கிறது.

சென்னையில் அவர் காலூன்றி நாலாண்டு ஆகுமுன் போர் வந்துவிட்டது. 1746இல் பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே சென்னையைப் பிடித்தார். மிஷன் வீடும் வழிபாட்டுக் கூடமும் கைவிட்டுப் போயின. டச்சுக்காரர் கையிலிருந்த பழவேற்காட்டுக்குப் பெப்ரிசியஸ் போய்ச் சேர்ந்தார். சில ஆண்டுகள் ஓர் அகதியின் வாழ்வு. 1749இல் ஒப்பந்தப்படி சென்னை ஆங்கிலேயருக்குத் திரும்பியது, அவரும் திரும்பினார்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கத்தோலிக்கர் பிரெஞ்சுக்காரருக்குத் துணை நின்றார்கள் என்று ஐயுற்ற ஆங்கிலேயர், வேப்பேரியில் அவர்களுடைய கோயிலைப் பறித்து இந்தப் புராட்டஸ்டண்டு ஊழியர்களுக்குக் கொடுத்தனர். ஒருவர் மண்டியிட்டு ஜெபித்த இடத்தை அரசு பறித்துக் கொடுக்க, மற்றொருவர் அதில் மண்டியிட்டார். வாளின்றி இறையரசு வரும் என்ற கொள்கைக்கும் இச்செயலுக்கும் எவ்வளவு தூரம்! பெப்ரிசியஸ் கேட்டுப் பெற்ற கொடையோ, கேளாமல் வந்த கொடையோ, அவர் வாழ்நாள் முழுவதும் பணி செய்தது அந்த வேப்பேரியிலேதான்.

மீண்டும் ஒரு போர். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். வேப்பேரி கொள்ளை போயிற்று. பெப்ரிசியஸ் இரண்டாம் முறையாகப் பழவேற்காட்டுக்கு ஓடினார். அந்த முற்றுகையில் நம்மூருக்கு ஒரு பங்குண்டு. செங்கற்பட்டுக் கோட்டையை லாலி முன்னதாகப் பிடிக்காமல் விட்டுவிட்டார். கோட்டைக்குள் ஆங்கிலப் படை ஒன்று இருந்தது. வெளியே மருதநாயகம் என்று நாம் அறிந்த யூசுப்கான் தம் படையோடு வந்து சேர்ந்தார். இவர்கள் பிரெஞ்சுக்காரரின் முதுகுப்புறத்தில் ஓயாது தொல்லை கொடுத்தனர். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையை விட்டுப் போனார். செங்கற்பட்டு ஏரிக்கரையில் நின்று பார்க்கும்போது, பாதி இடிந்த அந்தக் கோட்டைச் சுவர் சென்னையைக் காத்தது என்றால் நம்புவது அரிது.

அடுத்துப் போரே அவருக்கு ஒரு நன்மையும் செய்தது. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது அங்கிருந்த அச்சு இயந்திரம் சென்னைக்கு வந்தது. அரசாங்கத்திற்கு வேண்டும்போது அச்சிட்டுத் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு அதைப் பெப்ரிசியஸிடம் ஒப்படைத்தனர். வேப்பேரி அச்சகம் இவ்வாறு பிறந்தது. சென்னை நகரின் அச்சு வரலாறு ஒரு போர்க் கொள்ளைப் பொருளிலிருந்து தொடங்குகிறது!

இனி அவருடைய பெரும்பணிக்கு வருவோம். சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து 1715க்குள் அச்சிட்டு முடித்திருந்தார். பழைய ஏற்பாட்டில் அவர் விட்ட இடத்திலிருந்து சூல்ச் முடித்தார். முன்னோடி வேலைக்குரிய கரடுமுரடு அவற்றில் இருந்தது. மூலமாகிய கிரேக்கத்துக்கும் எபிரேயத்துக்கும் ஒட்டியதாகவும், தமிழர் காதுக்கு ஒவ்வாததைத் தவிர்த்ததாகவும் ஒரு மொழிபெயர்ப்பு வேண்டுமென்று பெப்ரிசியஸ் விரும்பினார். தமிழறிந்தவர்களின் துணையோடு சொல் சொல்லாக நிறுத்துப் பார்த்தார். அவர் மேசைமுன் அமர்ந்து எழுதியதை விட முழங்காலில் நின்று எழுதியதே மிகுதி என்று திருச்சபையில் வழிவழியாகச் சொல்வார்கள். இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு சொல்லுக்காக ஒரு மனிதர் காத்திருந்த விதத்தை மக்கள் அவ்வாறு நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்று கொள்ளலாம்.

இறைவனை எந்தப் பெயரால் அழைத்து ஜெபிப்பது என்பதே அவர்கள் முன்னிருந்த முதல் கேள்வி. சீகன்பால்கு சருவேசுரன் என்றார். பெப்ரிசியஸ் பராபரன் என்னும் சொல்லை எடுத்துக்கொண்டார். ஏறத்தாழ அதே காலத்தில் தாயுமானவர் பராபரக்கண்ணி பாடியிருந்தார் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். பின்வந்தோர் தேவன் என்றும் கடவுள் என்றும் மாற்றினர். ஆயினும் ஹாலேயில் படித்த ஒரு லூத்தரன் குரு, சைவ அடியார் நாவில் புரண்ட சொல்லைத் தம் ஜெபத்துக்கு உரியதாக ஏற்றார் என்பது சிறிய செய்தியன்று.

சென்னைக்கு வந்தபின் தொடங்கிய வேலையின் பயனாகப் புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. 1774இல் ஞானப்பாட்டுகளின் தொகுப்பு வெளியாயிற்று. ஜெர்மானியப் பாடல்கள் முந்நூறுக்கு மேல் அதில் தமிழாயின. அவர் பாட்டுகளைப் பற்றி என் கருத்தைச் சொல்வதானால், அவை வாசிக்கும்போது இறுக்கமாகவே இருக்கின்றன. ஜெர்மானிய மெட்டின் அளவுக்குத் தமிழ்ச் சொல்லை வெட்டி அடைத்தால் வேறெப்படி இருக்கும்? ஆனால் அந்தச் சிறுவயது மெட்டோடு கேட்டு வளர்ந்தவர்களிடம் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். தொகுப்பு வெளியான அதே 1774இல் பிறந்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். கருநாடக இசையில் கிறித்தவக் கீர்த்தனைகள் பாடிய அந்தப் பெருங்கவிஞரே, பின்னாளில் ரேனியஸ் ஐயர் புதிய மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தபோது, பழைய மொழிபெயர்ப்பை மாற்றக்கூடாது என்று கடுமையாக வாதிட்டார். ஒரு ஜெர்மானியரின் தமிழைக் காக்க மற்றொரு ஜெர்மானியரோடு ஒரு தமிழ்ப் புலவர் வழக்காடினார்!

தமிழ் இலக்கணம் ஒன்று 1778இல் வேப்பேரி அச்சகத்தில் வெளியானது. அந்நாளில் ஐரோப்பியர் தமிழை மலபார் மொழி என்று தவறாகக் கூறிவந்தனர். இந்நூல் தன் தலைப்பிலேயே மலபார் மொழி எனப்படுவதன் சரியான பெயர் தமிழ் என்று திருத்திக் கூறியது. அடுத்த ஆண்டு, 1779இல், தம் தோழர் பிரைத்ஹாப்ட்டுடன் சேர்ந்து ஏறத்தாழ ஒன்பதாயிரம் சொற்கள் கொண்ட தமிழ்–ஆங்கில அகராதியை வெளியிட்டார். 1897இல் தரங்கம்பாடியில் விரிவாக்கிப் பதிப்பிக்கப்பட்ட அந்த அகராதி இருபதாம் நூற்றாண்டிலும் மறுபதிப்புகள் கண்டது. வேர்ச்சொல்லைத் தந்து அதன்கீழ் அதிலிருந்து பிறந்த சொற்களையும் தொடர்களையும் அடுக்கும் முறை அதில் உண்டு. ஒரு சொல்லைத் தேடப் போய்ப் பத்துச் சொற்களைப் படித்துவிட்டு எழுவோம்.

அகராதி வந்த மறு ஆண்டே பேரிடி விழுந்தது. 1780 ஜூலையில் ஐதர் அலியின் படை கணவாய்களைக் கடந்து இறங்கியது. செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஆங்கிலப் படை ஒன்று முற்றிலும் அழிந்தது. செங்கற்பட்டுச் சீமை அப்போது கம்பெனியின் ஜாகீர். 1763இல் நவாபு முகமதலி கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த நாடு அது. கம்பெனிக்குச் சோறு கிடைக்கக்கூடாது என்பது ஐதரின் கணக்கு. ஆகவே நம்முடைய சிற்றூர்களே பலியாயின. பயிர் எரிந்தது, ஏரிகள் உடைந்தன, ஆடுமாடுகள் போயின. பிழைத்த மக்கள் சென்னையை நோக்கி ஓடினர். பஞ்சமும் வந்தது. ஊரை விட்டு வந்த குடியானவர்கள் சென்னைத் தெருக்களில் மடிந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு சமாதானம் பேச ஐதரிடம் அனுப்பப்பட்டவர் சுவார்ட்ஸ் ஐயர். அவர் சீரங்கப்பட்டணம் போய்த் திரும்பியும் போரைத் தடுக்க இயலவில்லை. எழுபதைத் தொட்டிருந்த பெப்ரிசியஸ் வேப்பேரியில் இருந்தார். 1782இல் பிரைத்ஹாப்ட்டும் இறந்தார். முப்பதாண்டுக்கு மேல் உடனிருந்த தோழர் அவர்.

அவர் பண வலையில் முழுமையாகச் சிக்கியதும் இக்காலத்தில்தான். அந்நாளைய சென்னையை அறிந்தால்தான் இது விளங்கும். ஆர்க்காட்டு நவாபு பெருங்கடனாளி. கம்பெனி அதிகாரிகள் முதல் சிறு வணிகர்வரை அவருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் அதிக வட்டிக்குக் கொடுத்துச் செல்வம் சேர்க்க முயன்ற காலம் அது. இலண்டன் பாராளுமன்றத்திலேயே அந்தக் கடன் பெரும் வழக்காகப் பேசப்பட்டது. ஊரெல்லாம் வட்டிக்கணக்கு. இந்தச் சூழலில், நேர்மையாளர் என்று பெயர் பெற்ற பெப்ரிசியஸிடம் மக்கள் தங்கள் சேமிப்பைக் கொண்டுவந்து கொடுத்தனர். மிஷன் பணமும் அவர் கையில் இருந்தது. வட்டி வந்தால் பள்ளிக்கும் ஏழைகளுக்கும் ஆகுமே என்று அவர் நினைத்தார். பண விவகாரத்தில் உபதேசியார் ஒருவரை முழுக்க நம்பினார். பணம் வெளியே போயிற்று. வாங்கியவர் திருப்பித் தரவில்லை. நாளடைவில் ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் என்றாயிற்று.

அவருக்காக இரங்குவோர் அவரைக் குழந்தையுள்ளம் கொண்டவர் என்பர். அது உண்மையாகவே இருக்கலாம். அவர் தமக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, மணம் செய்துகொள்ளவுமில்லை, எளிய உணவும் பழைய உடையுமாக வாழ்ந்தவர். ஆயினும் பணத்தைக் கொடுத்தவர்களை நாம் மறந்துவிடலாகாது. அவர்களுள் தம் முதுமைக்கென்று வைத்திருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தவர்களும் உண்டு. ஒருவருடைய நற்பெயரை நம்பி இழந்த காசு, அவர் நல்லவர் என்பதனால் திரும்பி வந்துவிடாது. சட்டம் படித்த ஒருவர், முதலும் வட்டியும் பற்றிய ஓர் ஓலையைக்கூடச் சரியாக வைத்துக்கொள்ளாமற் போனது எப்படி? ஜெபம் செய்கிறவர் கணக்கு எழுத வேண்டியதில்லை என்று எண்ணினாரோ? பக்தி நூல்கள் இக்கேள்வியைக் கேட்பதில்லை.

அந்நாளைய ஆங்கிலச் சட்டம் கடன் கட்ட முடியாதவனைச் சிறையில் அடைத்தது. எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பெப்ரிசியஸ் சிறைக்குச் சென்றார். ஒருமுறையோடு அது முடியவும் இல்லை. சென்னை மிஷனின் பெயர் கெட்டது. 1788இல் நாகப்பட்டினத்திலிருந்து கெரிக்கே ஐயர் வந்து பொறுப்பை ஏற்றார். கெரிக்கே கணக்கில் கெட்டிக்காரர். பின்னாளில் 1803இல் அவர் இறந்தபோது மிஷனுக்குத் தம் சொத்தையே எழுதி வைத்துப் போனார். ஒரே வேப்பேரி வீட்டில் முதலாமவர் கடனை விட்டுப் போனார். அடுத்தவர் செல்வத்தை விட்டுப் போனார். ஆனால் இன்று அகராதியிலும் திருமறையிலும் நாம் காண்பது கடனை விட்டுப் போனவருடைய உழைப்பையே.

இயேசு சீடர்களுக்குக் கற்பித்த பரமண்டல ஜெபத்தில், இறைவனுடைய அரசு வரவேண்டும் என்ற வேண்டுதலும் உண்டு. கடன் மன்னிப்புக்கான வேண்டுதலும் உண்டு. மத்தேயு எழுதிய கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் நிற்கும் சொல்லுக்குக் கடன் என்றே பொருள். நம் புராட்டஸ்டண்டுத் திருமறையின் மத்தேயு நூலிலும் அவ்விடத்தில் கடன் என்றே இருக்கிறது. பெப்ரிசியஸின் தாய்மொழியாகிய ஜெர்மனில் குற்றத்துக்கும் கடனுக்கும் சொல் ஒன்றே. சொற்களின் பொருளை நிறுத்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த முதியவர், தினமும் சொல்லிவந்த அந்த ஜெபத்தைச் சிறைக்குள் சொன்னபோது எந்தப் பொருளில் சொல்லியிருப்பார்? தமக்குத் தரவேண்டியவர்களை மன்னித்திருக்கக்கூடும். தாம் தரவேண்டியவர்கள் தம்மை மன்னிக்கவேண்டுமென்று எதிர்பார்க்க அவருக்கு மனம் வந்திருக்குமா? இதை எழுதும்போது என்னால் விடை காண முடியவில்லை.

அவருக்குப் பின் திருமறை பலமுறை திருத்தப்பட்டது. ரேனியஸின் புதிய ஏற்பாடு 1833இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார், ஆறுமுக நாவலரைத் துணைகொண்டு உருவாக்கிய மொழிபெயர்ப்பு 1850இல் வெளியாயிற்று. நல்ல தமிழ்தான், மக்கள் அதை ஏற்கவில்லை. கடைசியில் பவர் ஐயர் தலைமையில் ஒரு குழு அமர்ந்து, பெப்ரிசியஸின் மொழிபெயர்ப்பையே அடிப்படையாகக் கொண்டு 1871இல் முடித்ததே நிலைத்தது. லூத்தரன் சபையார் அதையும் ஏற்காமல் பெப்ரிசியஸின் பழைய மொழிபெயர்ப்பையே நெடுங்காலம் படித்துவந்தனர். செங்கற்பட்டிலும் கடற்கரைக் குப்பங்களிலும் சிறு கோயில்களில் ஞாயிறு காலை புராட்டஸ்டண்டு மக்கள் சொல்லும் ஜெபத்தின் ஓசையில் அவர் குரலும் கலந்தே இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு அவர் பெயர் தெரியாது.

அவர் தாய்நாட்டை விட்டு வந்தபின் ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை. 1791 ஜனவரி 22ஆம் நாள் அவருக்கு எண்பது நிறைந்தது. மறுநாள் சென்னையில் உயிர் பிரிந்தது. அவருடைய பழைய ஏற்பாட்டின் இறுதிப் பகுதி அப்போது அச்சேறி முடியவில்லை. தரங்கம்பாடி அச்சகத்தில் அது 1796இல் முடிந்தது.